பதிப்பு மூன்று புள்ளி மூன்று

ஒப்புதல் படிவம், தமிழ், இருபத்திரண்டு பக்கம்.
புனேயில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம்
சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு
அனுப்பி வைத்தது.

பதினோராம் பக்கத்தில் இருந்தது அந்த வரி:
‘நீங்கள் இரண்டு கைகளில் ஒன்றில்
சீரற்ற முறையில் சேர்க்கப்படுவீர்கள்.’

மும்பை, சிவ்ரி. காசநோய்ப் பிரிவின் பின்கட்டு.
மழைக்குக்கூட ஜன்னல் சாத்தாத அறை.
உச்சிமாகாளி, முப்பத்தி நாலு,
தாராவி, சைக்கிளில் இட்லி.
ஹாரன் சத்தம் கேட்டுப் பாத்திரத்தோடு இறங்கி வந்தவர்கள்
ஒருநாள் இருமல் சத்தமும் கேட்டுவிட்டார்கள்.
இப்போது சைக்கிள் வேறொருவரிடம்.

முகமூடிக்கு மேலே கண் மட்டும்
ஒவ்வொரு வரியாக நகர்ந்தது.
அந்தப் பக்கத்தில் நின்றார்.
இரண்டு கையையும் விரித்து வைத்தார் மேசைமேல்.
இடதில் ஆவி சுட்ட தழும்பு.
வலதில் காலையில் ரத்தம் எடுத்த நீலம்.

‘எந்தக் கைக்கா?’

கை என்றால் கை இல்லை என்றேன்.
ஒன்றில் ஆறு மாத மாத்திரை, புதுசு.
இன்னொன்றில் பழசு, ஒன்றரை வருஷம்.
பழசு என்றால் மோசம் இல்லை
(இதைச் சொல்லியே ஆக வேண்டும், சொன்னேன்).

‘யாரு போடுதா, டாக்டரா?’
டாக்டர் இல்லை. நானும் இல்லை.
எங்கோ ஒரு கம்ப்யூட்டர்.
‘சீட்டுக் குலுக்குத மாதிரி.’
ஆமாம். படிவத்தில் அது ஒரு முழுப் பத்தி.

எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்
என்ற இடத்தில் மட்டும் சிரித்தார்.

கம்ப்யூட்டர் சொன்னது: பழசு.
அந்த நேரத்தில் எங்கள் முகம் மாறக் கூடாது.
அதற்கு இரண்டு நாள் பயிற்சி உண்டு.

மாதா மாதம் வந்தார். சளி, ரத்தம், இ.சி.ஜி.
தோல் கறுத்தது. பாதம் எரியுது என்றார்.
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டேன்.
‘ராத்திரிக்கா, பகலுக்கா?’
கட்டம் ஒன்றுதான் இருந்தது.

சத்துணவுக்கு அரசாங்கம் போடும் ஆயிரம் ரூபாய்
கணக்கில் விழுந்த மறுநாளே குறுஞ்செய்தி வரும்:
பணம் எடுக்கப்பட்டது, வள்ளியூர் ஏ.டி.எம்.
நோய் தெரிந்த வாரம் மகளைத் தூக்கிக்கொண்டு
ரயிலேறியவளிடம்தான் கார்டு.
‘எடுக்கா பாருங்க. அப்ப நல்லாத்தான் இருக்கா.’
எடை நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
எழுதிக்கொண்டேன்.

இதற்கிடையில் நெறிமுறைக் குழுவுக்கு எழுதியிருந்தேன்:
‘கை’ பிழை, நோயாளிகள் குழம்புகிறார்கள்,
‘பிரிவு’ என்று மாற்றித் தரவும்.
மொழிபெயர்ப்பு, அதைத் திருப்பி மொழிபெயர்ப்பு, சான்றிதழ்,
குழு கூடாத மாதம்,
கூடியும் ஆள் போதாத மாதம்.
ஏழு மாதம் கழித்து இறங்கியது
பதிப்பு மூன்று புள்ளி மூன்று.
விதிப்படி, இருப்பவர்கள் எல்லோரும்
மறுபடி வாசித்துக் கையெழுத்திட வேண்டும்.

ஒரு சொல்தான் மாறியிருக்கு, தாண்டிடலாம் என்றேன்.
உச்சிமாகாளி தாண்டவில்லை.
முதல் பக்கம், இரண்டாம் பக்கம்.
டீ ஆறி ஏடு கட்டியது.
பதினொன்று.
‘நீங்கள் இரண்டு பிரிவுகளில் ஒன்றில்’

ஹார்பர் லைனில் ஒரு ரயில் வந்து
நின்று
போயிற்று.

‘பழசுல கைன்னு இருந்துச்சே.’
அது தப்புங்க.
‘இருந்துட்டுப் போட்டும்க்கா.
கைன்னா யாரோ பிடிச்சிருக்க மாதிரி இருந்துச்சு.’

அகராதியில் மூன்று சொல் இருந்தது.
குழு. பகுதி. பிரிவு.
நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

உ-வைப் பெரிதாகச் சுழித்துக் கையெழுத்திட்டார்.
அதற்குக் கீழே எனக்கும் ஒரு வரி உண்டு:
‘பங்கேற்பாளருக்குப் புரியும்படி விளக்கினேன்.’
தேதி போட்டேன்.
நேரத்தை
அவரிடம்தான் கேட்டேன்.